ஒன்பதாவது அறையில் கடல்

எங்கள் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் அறைதான். சமையலறை ஓர் அறை. பேருந்து நிலையம் ஓர் அறை. கடற்கரையும் ஓர் அறைதான். கம்ப்யூட்டர் திரையில் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற காட்சி எதுவானாலும் அதை அறை என்றே சொல்வோம். ஆகாயத்தையே வரைந்து வைத்தாலும் அதற்கும் ஓர் எண் போட்டு, அறை நான்கு, அறை ஐந்து என்று கூப்பிடுவோம். நான் பதினோரு அறைகள் கொண்ட ஒரு விளையாட்டைச் செய்தேன். அதில் ஒன்பதாவது அறை கடல். அந்தக் கடலில் ஒருவர் என்னால் மாட்டிக்கொண்டார். அவரை அக்கரை சேர்க்க நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டு என்றதும் சுடுவது, குதிப்பது, கார் ஓட்டுவது என்று நினைக்கவேண்டாம். எங்களுடையது அட்வெஞ்சர் கேம். திரையில் ஓர் ஆள் நிற்பார். மவுஸால் கிளிக் செய்து அவரை நடக்கவிட வேண்டும். மேசை மேல் சாவி இருந்தால் எடுக்கச் சொல்ல வேண்டும். பூட்டிய பெட்டி எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் தேட வேண்டும். அவசரமே கிடையாது. நீங்கள் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அந்த ஆள் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பார். பெரிய கம்பெனிகள் இந்த மாதிரி விளையாட்டுகளைக் கைவிட்டுவிட்ட காலம் அது. அதை விடமுடியாதவர்கள் இலவச சாஃப்ட்வேர் ஒன்றை வைத்துக்கொண்டு, தாங்களே வீட்டில் உட்கார்ந்து விளையாட்டு செய்து, இலவசமாகவே ஊருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் எல்லோரும் கூடிப் பேச இணையத்தில் ஒரு ஃபோரம் இருந்தது. இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தபடி அந்த ஃபோரத்துக்குள் போனவள் நான்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. சொந்த ஊர் தங்கச்சிமடம். அய்யா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அம்மா மற்ற பெண்களோடு சேர்ந்து கடலில் இறங்கிப் பாசி எடுப்பார். நான் கம்ப்யூட்டரில் டிப்ளமோ படித்துவிட்டு, தினமும் பாம்பன் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் இராமநாதபுரம் வந்து அந்த சென்டரைப் பார்த்துக்கொண்டேன். முதலாளி கடற்கரை ஊர்க்காரர், வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். பரீட்சை ரிசல்ட் பார்க்க வருகிறவர்கள், விசா பேப்பர் பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள், துபாயிலிருக்கும் கணவரின் முகத்தை வெப்கேமில் பார்க்க வருகிற பெண்கள் என்று காலையிலும் மாலையிலும் இடம் நிறைந்திருக்கும். பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை ஈ ஆடாது. அந்த ஐந்து மணிநேரம் எனக்கு.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில்தான் முதல் விளையாட்டைப் பார்த்தேன். மழை பெய்யும் ஒரு வீட்டுக்குள் ஒருவன் தன் குடையைத் தேடுவான். அவ்வளவுதான் கதை. மூன்று நாளில் முடித்தேன். கடைசியில் யார் படம் வரைந்தது, யார் கதை எழுதியது, யார் இசை அமைத்தது என்று வரிசையாக வந்தது. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பெயர். அந்த மழையை ஒருத்தர் உட்கார்ந்து ஒவ்வொரு துளியாக விழவைத்திருக்கிறார். அதைச் செய்ய ஒரு மனிதனால் முடியும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அவர் பெயருக்குக் கீழே ஃபோரத்தின் முகவரி இருந்தது.

உள்ளே போனால் அது வேறு உலகம். யாரோ ஒருவர், எந்த நாடோ, "இன்று என் கதவு திறந்துவிட்டது" என்று எழுதியிருந்தார். ஒரு மாதமாக அவர் விளையாட்டில் ஒரு கதவு திறக்காமல் மக்கர் பண்ணியிருக்கிறது. கீழே நாற்பது பேர் அவருக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். ஒரு கதவு திறந்ததற்கு நாற்பது பேர் சந்தோஷப்படும் இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் வீடு கட்டிப் பால் காய்ச்சினால்கூட அத்தனை பேர் மனதார வாழ்த்த மாட்டார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் வாழ்த்தினேன். நாற்பத்தொன்றாவது ஆள்.

ஆறு மாதம் கழித்து என் விளையாட்டைத் தொடங்கினேன். கதை எளிமையானது. கடல் வற்றியதில் ஒருவரின் வள்ளம் மணல் திட்டில் தரைதட்டி நிற்கிறது. அவருடைய மகள் ஒரு தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு வற்றிய கடல் வழியே நடந்து திட்டுக்குப் போக வேண்டும். தூக்குவாளிக்கு மூடி இல்லை, மூடி பக்கத்து வீட்டில், பக்கத்து வீட்டுக்காரி கோயிலில் என்று எட்டு அறைக்கு அலைய விட்டிருந்தேன். படங்களைக் காகிதத்தில் வாட்டர்கலரில் வரைந்து, எதிரே இருந்த ஃபோட்டோ ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்துகொள்வேன். நான் வரைந்த மணலில் அந்தப் பெண் முதல் அடி வைத்த அன்று, சென்டரில் யாரும் இல்லாததால், எழுந்து நின்று இரண்டு முறை நாற்காலியைச் சுற்றி வந்தேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கையிலிருக்கும் எந்தப் பொருளையும் எதன்மேல் வைத்தாலும் விளையாட்டு அதற்கென்று ஒரு பதில் சொல்ல வேண்டும். உப்பு ஜாடியைக் கோயில் மணியின் மேல் வைத்தால், "மணிக்கு உப்புப் போட்டால் சத்தம் ருசிக்குமா" என்று அந்தப் பெண் கேட்க வேண்டும். "அது ஆகாது" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை வைப்பவரைச் சோம்பேறி என்பார்கள். யார் அப்படி வைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், யாராவது ஒருவர் வைப்பார் என்பார்கள். உண்மைதான். மாதா கோயில் வாசலில் செருப்புகளை வரைந்து வைத்திருந்தேன். எங்கள் ஊரில் கோயில் என்றால் வாசலில் செருப்பு கிடக்கும், அதில் என்ன இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்க்கக் கொடுத்த அத்தனை வெளிநாட்டுக்காரர்களும் ஒவ்வொரு ஜோடியாகச் செருப்பை எடுக்கப் பார்த்தார்கள். எடுக்க வரவில்லை, பிழை என்று எழுதினார்கள். கடைசியில், "அது அடுத்தவங்க செருப்பு" என்று ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பதில் எழுதி வைத்தேன்.

இவர்களில் ஒருவரை எல்லோரும் சோதனைக்காரர் என்றே சொல்வோம். அவர் விளையாட்டு எதுவும் செய்ததில்லை. மற்றவர்கள் செய்ததைச் சோதிப்பது மட்டுமே அவர் வேலை. வாழ்த்தமாட்டார், நலம் விசாரிக்கமாட்டார். பிழைகளுக்கு எண் போட்டுப் பட்டியல் அனுப்புவார். ஒவ்வொன்றின் கடைசியிலும் "திருத்தவும்" என்று எழுதுவார். எல்லாம் சரியான பிறகு, "முடித்தேன்" என்று ஒரே ஒரு சொல் வரும். அந்தச் சொல் வராத விளையாட்டை யாரும் வெளியிடுவதில்லை. இதற்கு எழுதப்பட்ட விதி ஒன்றும் இல்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஓய்வுபெற்ற ராணுவக்காரர் யாரோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் செருப்புகளுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது அறை என் பெருமை. மற்றவர்களின் விளையாட்டில் கடல் என்றால் சுவரில் மாட்டிய படம் போல அசையாமல் கிடக்கும். பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்கிறவளால் அப்படிச் செய்ய முடியுமா. என் கடல் வற்றும், ஏறும். பாறைகளுக்கு நடுவே வழி திறந்ததும் நாற்பது நொடி. அதற்குள் ஆறு பாறைகளைத் தாண்டி ஓட வேண்டும். தாமதித்தால் தண்ணீர் வந்து தூக்குவாளியைத் தட்டிவிடும், திரும்பக் கரையிலிருந்து தொடங்க வேண்டும். இதற்காக அய்யாவைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன்.

"அய்யா, தண்ணி வத்துனா மறுபடி ஏற எம்புட்டு நேரம் ஆகும்?"

"ஏன், நீ எங்கன நடக்கப் போற?"

"நான் போகல. கம்ப்யூட்டர்ல ஒரு பிள்ள போறா."

"அவளுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அவள ஏன் அனுப்புற?" என்று கேட்டுவிட்டு அய்யா வலையைச் சரிபார்க்கப் போய்விட்டார். நாற்பது நொடி என்பது நானாக வைத்த கணக்குதான். ஆனால் தண்ணீர் ஏறும் விதம், முதலில் பள்ளங்களில் நிறைந்து, பிறகு பாறையின் அடியைச் சுற்றி, பிறகுதான் வழியை மூடும் அந்த ஒழுங்கு, அச்சாக எங்கள் கடல். அதை வரைந்து முடிக்க நான்கு மாதம் ஆனது.

சோதனைக்காரருக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து நாற்பத்துமூன்று பிழைகளோடு பட்டியல் வந்தது. அதில் முப்பத்தொன்றாவது: "அறை 9. கடக்க முடியவில்லை. நேரம் போதவில்லை. திருத்தவும்."

மற்ற நாற்பத்திரண்டையும் திருத்தினேன். இதற்கு மட்டும் மனசில்லாமல் நாற்பதை அறுபது நொடியாக்கினேன். "போதவில்லை" என்று வந்தது. தொண்ணூறு ஆக்கினேன். தொண்ணூறு நொடியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நண்டு பிடித்துக்கொண்டே கடந்துவிடும். மறுபடியும், "போதவில்லை. திருத்தவும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஃபோரத்துக்குத் தெரியாமல் இருந்தது, அன்றைக்குத் தெரிந்தது. எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் எழுதினேன். "எங்கள் ஊரில் எட்டு வயதுக் குழந்தை இதைவிட வேகமாக நடக்கும். கடல் எங்கேயும் யாருக்காகவும் நின்றுகொண்டிருக்காது. உங்களுக்குச் சோம்பலாக இருந்தால் வேறு யாரையாவது சோதிக்கச் சொல்கிறேன்." அகராதி பார்க்காமலே எழுதினேன். அனுப்பிவிட்டு, நறுக்கென்று சொன்னோம் என்ற திருப்தியோடு டீ குடித்தேன்.

ஃபோரத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை. ஒரு கதவுக்கு நாற்பது பேர் வந்த இடத்தில், நான்கு நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் எனக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. என் விளையாட்டுக்கு இசை அமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் எழுதியிருந்தார். அவர் சோதனைக்காரர் இருக்கும் நாட்டுக்காரர், அவரை நேரில் பார்த்தவர்.

"உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை, அதனால் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை," என்று தொடங்கியிருந்தது. "உன் விளையாட்டைச் சோதிக்கிற அந்த அம்மாவுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. தாடைக்குக் கீழே ஒரு பொத்தான் பொருத்தியிருக்கிறார்கள். திரையில் ஒரு கோடு மேலிருந்து கீழே மெதுவாக இறங்கும். வேண்டிய உயரம் வந்ததும் தாடையால் அழுத்தி நிறுத்துவார். பிறகு இன்னொரு கோடு இடமிருந்து வலமாக நகரும். அதையும் நிறுத்துவார். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கிளிக் விழும். ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். இங்கே யாரும் நேரம் வைத்து விளையாட்டு செய்வதில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். அது அவருக்காகத்தான். தன்னைப் பற்றிப் புதிதாக வருகிறவர்கள் யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் அந்த வாக்கை மீறிவிட்டேன்."

நான் கவனித்திருந்தேன். யாருமே நேரம் வைப்பதில்லை என்பதைப் பார்த்து, பழைய பழக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். என்னைவிடத் திறமைசாலிகள் எத்தனையோ பேர், ஒருவர் பெயரையும் சொல்லாமல், ஒரு காரணமும் காட்டாமல், வருடக்கணக்காகத் தங்கள் விளையாட்டுகளில் அவசரம் என்பதையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

அந்த நாற்பத்துமூன்று பிழைகளின் பட்டியலைத் திரும்ப எடுத்துப் படித்தேன். "உப்பு ஜாடி, பின்பக்கக் கதவு: பதில் இல்லை." "தூக்குவாளி மூடி, மூன்றாவது தென்னை மரம்: எழுத்துப் பிழை." மூன்றாவது தென்னை மரத்தில் பிழை கண்டவர் முதலிரண்டு மரத்திலும் மூடியை வைத்துப் பார்த்திருக்கிறார். எல்லாப் பொருளையும் எல்லாவற்றின் மேலும் வைத்திருக்கிறார். செருப்புகளை ஜோடி ஜோடியாக எடுக்கப் பார்த்திருக்கிறார். எல்லாம் தாடையால்.

எனக்கு அதை நம்ப முடியவில்லை என்று சொல்வதா, நம்பியதும் தாங்க முடியவில்லை என்று சொல்வதா. என் விளையாட்டைத் திறந்தேன். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி நிமிடத்துக்கு ஒரு கிளிக் என்று விளையாட ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணைப் பாயிலிருந்து எழுப்பினேன். ஒரு நிமிடம். அடுப்பு வரை நடத்தினேன். ஒரு நிமிடம். வாளியை எடுத்தேன், மூடி இல்லை என்றாள், அலமாரியைப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தவள், நான்கு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கியபோது பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருந்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, சிஸ்டம் ஹேங் ஆயிருச்சா? ரொம்ப நேரமா சும்மாவே பாத்துக்கிட்டு இருக்க."

"இல்ல பாய். நல்லாத்தான் ஓடுது," என்றேன்.

அன்று பஸ்ஸில் வெட்கத்தில் தலை நிமிரவில்லை. சோம்பல் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு சொல்லைக் கடலில் இறங்கித் தேடியாவது எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் போல இருந்தது. மறுநாள் எல்லோரும் பார்க்கும் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். காரணம் எழுதவில்லை. அன்று மாலையே பதில் வந்தது. "மன்னிப்பு பிழைப் பட்டியலில் வராது. அறை 9 இன்னும் கடக்க முடியவில்லை. திருத்தவும்."

நான் சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீரோடு.

திருத்துவது ஒன்றும் கஷ்டம் இல்லை. நேரக்கணக்கு இருந்த மூன்று வரிகளை அழித்தேன். கடல் வற்றியது, வற்றியே கிடந்தது. எப்போது வேண்டுமானாலும் கடந்துகொள்ளலாம். இசைக்காரர் பார்த்துவிட்டு, "நல்லது, அனுப்பிவிடு," என்றார். எனக்குத்தான் மனசு வரவில்லை. திரையில் இருந்தது கடலே இல்லை, உப்பளம் மாதிரி ஏதோ ஒன்று. அவர் எத்தனையோ விளையாட்டுகளில் இப்படிப்பட்ட அசையாத கடல்களைத் தாண்டியிருப்பார். இரங்கிப்போய் செத்த கடல் ஒன்றை நானும் அவரிடம் நீட்டுவதா. அவர் கேட்டது இரக்கம் இல்லை, கடக்கக்கூடிய ஒரு கடல். அசைகிற கடலாகவும் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு ஓர் அடி வைக்கிறவரைத் தள்ளிவிடாத கடலாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக எப்படி முடியும் என்று தெரியவில்லை. இரண்டு வாரம் ஃபோரம் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கரைக்குப் போனேன். தண்ணீர் உள்வாங்கியிருந்த நேரம். அம்மாவும் இன்னும் நான்கைந்து பெண்களும் பாசி எடுத்துவிட்டுப் பாறைகள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. நடுவழியில், யாருடைய சாக்கை யார் எடுத்துக்கொண்டது என்பதில் அம்மாவுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் சண்டை பிடித்துக்கொண்டது. அம்மா சாக்கைத் தூக்கிப் பாறைமேல் வைத்துவிட்டு, முட்டளவு தண்ணீரில் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

"ஏத்தா, முடிச்சப் பாரு. இது யாரு போட்ட முடிச்சு? நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா?"

"உன் முடிச்சுல பேரு எழுதியிருக்கா? வாசிச்சுக் காட்டு, தாரேன்."

"அம்மா, தண்ணி ஏறுது, வந்து சண்ட போடுங்க," என்று கரையிலிருந்து கத்தினேன்.

"ஏறட்டும். நியாயம் கேக்காம நான் வாரதா இல்ல," என்றார் அம்மா, என் பக்கம் திரும்பாமலே.

நான் அம்மாவின் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு நீண்டுகொண்டே போனது. தண்ணீர் அங்கேயேதான் இருந்தது, முட்டிக்கு மேல் போகவில்லை. கடலும் நின்று சண்டையை வேடிக்கை பார்ப்பது போலத் தோன்றியது. அம்மா ஜெயித்து, சாக்கைத் தலையில் ஏற்றி, அடுத்த பாறைக்குக் கால் வைத்ததும்தான் பின்னால் அவர் நின்ற இடத்தைத் தண்ணீர் மூடியது. உண்மையில் தண்ணீர் எப்போதும் போல ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும். என் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. அது போதும் எனக்கு.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஒன்பதாவது அறையைப் பிரித்துப் போட்டேன். நொடிக்கணக்கு இனிக் கிடையாது. அந்தப் பெண் ஒரு பாறை தாண்டினால் கடல் ஒரு பாறை அளவுக்கு ஏறும். அவள் நடந்தால் அதுவும் வரும். அவள் நின்றால் அதுவும் நிற்கும். ஆனால் நிற்கும்போது செத்துக் கிடக்காது. பள்ளங்களில் தண்ணீர் மினுங்கும், பாறையடியில் நுரை கட்டிக் கட்டிக் கரையும், நண்டு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும். ஒரு நாள் முழுக்க நின்றாலும் கடல் அவள் முட்டிக்குக் கீழே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும். தவறான பாறையில் கால் வைத்தால் மட்டும் வாளி நனையும். ஆகவே யோசிக்க வேண்டும், ஆனால் ஓட வேண்டியதில்லை. பாறைகளுக்கு நடுவே ஈர மணல் மேடுகளைப் புதிதாக வரைந்தேன். ஸ்டுடியோக்காரர் ஸ்கேன் செய்யும்போது, "என்ன, மணலாவே வருது," என்று கேட்டார். மூன்று வாரத்தில் முடித்து அனுப்பினேன்.

பிறகு காத்திருந்தேன். ஒரு வாரம் ஆனது. அறை ஒன்று, அறை இரண்டு என்று அவர் எங்கே வந்திருப்பார் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டு வாரம் ஆனது. மூன்றாவது வாரமும் போனது. இதுவும் முடியவில்லையோ என்று பயந்தேன். இந்த முறையும் அவரால் கடக்க முடியாவிட்டால் விளையாட்டையே வெளியிடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஒருவேளை அவர் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றும் தோன்றியது, அதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இசைக்காரரிடம் கேட்கப் போய் இரண்டு முறை எழுதியதை அழித்தேன்.

நான்காவது வாரம் பட்டியல் வந்தது. மூன்றே மூன்று பிழைகள். முதல் இரண்டும் சின்ன எழுத்துப் பிழைகள், "திருத்தவும்" என்று இருந்தது. பட்டியலின் அடியில், "முடித்தேன்" என்ற சொல். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அந்த அம்மா கடலைக் கடந்துவிட்டார். நான் வரைந்த ஆறு பாறைகளையும் தாண்டி, கஞ்சி சிந்தாமல், திட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிறகுதான் மூன்றாவது பிழையைப் படித்தேன். "அறை 9. இரண்டாவது பாறைக்கும் மூன்றாவது பாறைக்கும் நடுவில் அவள் நின்றால், கணுக்கால் வரை மணலுக்குள் போய்விடுகிறது."

படித்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. திரையில் எது முன்னால் இருக்கிறது, எது பின்னால் இருக்கிறது என்று சொல்ல நாங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு போடுவோம். அந்த மணல் மேட்டின் கோட்டை நான் அவசரத்தில் ஆறு புள்ளி கீழே தள்ளிப் போட்டிருக்கிறேன். அதனால் அவள் பாதம் மணலுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. பழகாதவர்கள் செய்யும் தப்பு. சட்டென்று சாஃப்ட்வேரைத் திறந்து கோட்டைப் பிடித்துவிட்டேன். மேலே நகர்த்துவதற்கு முன், எல்லாப் பிழைக்கும் இருக்கும் "திருத்தவும்" இதற்கு ஏன் இல்லை என்று மறுபடி பட்டியலைப் பார்த்தேன். அதற்குக் கீழே இன்னும் மூன்று வரி இருந்தது.

"இந்த இடத்தில் நான்கு நாள் நின்றேன். தாமதத்துக்குக் காரணம் அதுதான். ஈர மணலில் கால் புதைவது இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நினைவு இருக்கிறது, இதைத் திருத்த வேண்டாம்."

கோட்டிலிருந்து கையை எடுத்தேன். விளையாட்டை எல்லோருக்குமாக வெளியிட்டபோதும் அந்த இடத்தை அப்படியே விட்டேன். கால் மணலுக்குள் போகிறது, பிழை என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். தெரியும் என்று மட்டும் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன்.